நார்மல் என்று வந்த ஆமை

கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை. ஆகவே சூட்டோடு எழுதுகிறேன். படிக்கும்போது கை சுட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கால்நடை ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். நாய், மாடு, ஆடு என்று நாள் ஓடும். மெஷின் ஒரு சொட்டு ரத்தத்தை உறிஞ்சும், தாளைத் துப்பும், நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் என்றைக்காவது ஒரு கிளியின் ரத்தம் வரும். மயிலின் ரத்தம் வரும். ஆமையின், பாம்பின் ரத்தம் வரும். அன்றைக்கு, ஓசூரில் ஒரு கூடத்தில் ரத்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்து, ஐம்பதைத் தொடுமுன்னே வெளியேறிய ஒரு கால்நடை மருத்துவர் உங்களிடம் கத்தினாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பாலூட்டியின் சிவப்பணுவுக்குள் கரு என்று ஒன்றும் கிடையாது. துடைத்துக் கவிழ்த்த தட்டு. பறவைக்கும் ஊர்வனவற்றுக்கும் அப்படி இல்லை. ஒவ்வொரு சிவப்பணுவின் நடுவிலும் கருநீலமாக ஒரு கரு இருக்கும், பழத்துக்குள் விதை மாதிரி. சாயம் ஏற்றிப் பார்த்தால் கண்ணாடி முழுக்க விதைப்பு நடந்தது போலிருக்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் அந்தக் காட்சி எனக்கு அலுத்ததில்லை. மெஷினுக்கு அந்த ரசனை கிடையாது. அது ஒரு திரவம் ஊற்றிச் சிவப்பணுக்களைக் கரைக்கும், கரையாமல் மிஞ்சும் கருக்களை வெள்ளணு என்று எண்ணும். நாய்க்கு அது சரி. ஆமைக்கு, சிவப்பணு கரைந்தாலும் விதை கரைவதில்லை. அத்தனை விதைகளும் வெள்ளணுக் கணக்கில் ஏறும். வெள்ளணு அதிகம் என்றால் உடம்பில் தொற்று என்று அர்த்தம். எனவே தாளில் தொற்று, கடும் தொற்று என்று வரும்.

இதற்கு மாற்று நம் கண்தான். ரத்தத்தைச் சாயத்தில் கலந்து, கட்டம் கீறிய கண்ணாடிச் சேம்பரில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் குனிந்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கூடவே ஸ்லைடில் தேய்த்த ரத்தப் பூச்சை, ஸ்மியரை, தனியாகப் பார்த்து எது என்ன அணு என்று பிரிக்க வேண்டும். கழுத்து பிடித்துக்கொள்ளும், கண் எரியும். எங்கள் கூடத்தில் எல்லோரும் இதைப் படித்துத் தேறியவர்கள்தான். படித்திருந்தும் நடந்தது.

எங்கள் முதலாளி வண்டி உதிரிபாகத் தொழிற்சாலை நடத்தியவர். அங்கே குவாலிட்டி பார்த்த சேகரையே கூடத்துக்கும் கொண்டுவந்து வைத்தார். சேகருக்கு ஊர் விருதுநகர்ப் பக்கம். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல முடிந்திருந்தால் என் கோபம் எப்போதோ ஆறியிருக்கும். ஷிப்டு பஸ்கள் ஓடுகிற இந்த ஊருக்கென்று ஒரு நம்பிக்கை உண்டு. ஒரே உருப்படியை மூன்று ஆட்கள் மூன்று தடவை அளந்தும் ஒரே எண் வந்தால் அது நல்ல அளவுகருவி, நல்ல கேஜ். ஆளுக்கு ஆள் மாறினால் தூக்கிப் போடு. போல்ட்டுக்கு, பேரிங்குக்கு, பிரேக்குக்கு இதைவிட நல்ல நம்பிக்கை கிடையாது. சேகர் அதை அப்படியே எடுத்துவந்து கோழி ரத்தத்தின் மேல் வைத்தார்.

புது மெஷின் வந்த மாதம் ஒரு போட்டி நடந்தது. ஒரே கோழியின் ரத்தம், என் பிரிவின் மூன்று டெக்னீஷியன்கள், மூவரும் சேம்பரில் எண்ணினார்கள். மூன்று விதமாக வந்தது. வரத்தான் செய்யும். ஒரு கண் சந்தேகப்படுகிற அணுவை இன்னொரு கண் சேர்த்துக்கொள்ளும். மெஷினோ எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே எண்ணைச் சொன்னது. சேகர் அந்தத் தாளை என் மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

“உங்க ஆளுங்க மூணு பேரு, மூணு நம்பரு. மெஷினைப் பாருங்க மேடம், இம்மி நகரல.”

“நகராமத் தப்புச் சொல்லுது சேகர்.”

“தப்புன்னா ஒரு ஃபேக்டர் போட்டுருவோம். கேஜ்ல ஜீரோ எர்ரர் இருந்தாக் கழிக்கிறதில்லையா?”

போட்டார்கள். நல்ல ஆரோக்கியமான கோழிகளின் ரத்தத்தை மெஷினிலும் கையிலும் எண்ணி, மெஷின் எத்தனை மடங்கு கூட்டிச் சொல்கிறதோ அந்த மடங்கால் வகுத்துவிடுவது. ஊர்வனவற்றுக்கும் அதே மாதிரி ஒரு வகுக்கும் எண், அடுக்குமாடி வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் வளர்கிற நீர் ஆமைகளை வைத்து எடுத்தது. அதன் பிறகு வந்த நலமான கோழிக்கெல்லாம் நலம் என்று தாள் வந்தது. நலமான தொட்டி ஆமைக்கும் அப்படியே. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். நலமாக இருக்கிற உயிரை நலம் என்று சொல்ல ஒரு மெஷின் எதற்கு என்று நான் கேட்டது அந்த அறையின் ஏசி சத்தத்தில் கரைந்து போயிற்று. சண்டை போட்டு ஒன்றே ஒன்றை வாங்கினேன்: பறவை, ஊர்வன எதுவானாலும் நான் ஸ்மியர் பார்க்காமல் ரிப்போர்ட் வெளியே போகாது. வாய்வார்த்தைதான். வாய்வார்த்தை என்ன எடை தாங்கும் என்பது பர்கூரில் ஒரு கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டுத் திரும்பிய காலையில் தெரிந்தது.

கூடத்தின் கேட்டில் மொபெட்டைச் சாய்த்துக்கொண்டு ஒரு ஆள் நின்றிருந்தார். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. பெயர் முனியப்பா. பாகலூர் ரோட்டில், கடத்தலில் பிடிபடுகிற உயிரினங்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் மீட்பு மையத்தில் பராமரிப்பாளர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கோபத்துக்குத் தமிழ். அன்றைக்குத் தமிழ்தான் பேசினார்.

“ரத்தம் பாக்குற டாக்டரம்மா நீங்கதானுங்களா? உங்க மெஷினு என் ஆமைங்களுக்கு நாள் குறிச்சிட்டுதுங்க. மத்தியானம் ஊசி போடறாங்களாம்.”

விஷயத்தை அவரே சொன்னார். நட்சத்திர ஆமைகள். பெங்களூர் போகிற பஸ்ஸில், சூட்கேஸில், துணிக்கு அடியில், கால்களை டேப்பால் சுற்றி அடுக்கி வைத்திருந்தார்களாம். எல்லையில் பிடித்து, வழக்கு எழுதி, இங்கும் அங்கும் அலைந்து மையத்துக்கு வந்து சேருவதற்குள் வாடிப் போயிருந்தன. வந்த வேகத்தில் ஒன்று செத்தது. ஏதாவது தொற்றாக இருந்தால் பக்கத்து அடைப்பில் காட்டுக்குத் திரும்பக் காத்திருக்கும் நல்ல ஆமைகளுக்கும் பரவிவிடும் என்று பயந்து, மையத்தின் மருத்துவர் சபீனா எல்லாவற்றிலும் ரத்தம் எடுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தாள். சபீனா கிருஷ்ணகிரிப் பெண், படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை அது. நான் இல்லாத நேரத்தில் ரிப்போர்ட் போய்விட்டது. எல்லா ஆமைக்கும் கடும் தொற்று. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நார்மல். மையத்தின் மேலிடம் முடிவெடுத்துவிட்டது: நார்மலானதைப் பிரித்து நல்ல ஆமைகளோடு சேர்க்க வேண்டும், மற்றதையெல்லாம் வலியில்லாமல் முடித்துவிட வேண்டும்.

முனியப்பாவை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். ஃபிரிட்ஜில் மிச்ச ரத்தம் குழாய்களில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டி. திறந்தால், சபீனா ரத்தம் எடுத்த கையோடு சுடச்சுடத் தேய்த்து, பென்சிலில் எண் போட்டு அனுப்பிய ஸ்மியர்கள். ஒட்டியிருந்த டேப்பைக்கூட யாரும் பிரிக்கவில்லை. அந்தப் பிரிக்காத டேப்பைப் பார்த்தபோது எனக்கு வந்ததை எழுதினால் இதை யாரும் அச்சடிக்க மாட்டார்கள்.

இங்கேதான் உங்களை நிறுத்திச் சொல்ல வேண்டும். மத்தியானத்துக்கு அதிக நேரம் இல்லை. அத்தனை ஆமைக்கும் சேம்பரில் எண்ணி முடிக்க முடியாது. எண்ணி முடித்தாலும் சேகர் ‘உங்க கண்ணு, உங்க நம்பரு’ என்பார். எண்ணோடு எண்ணை மோதவிட்டால் நாம் தோற்போம். இம்மி நகராத எண் அவரிடம் இருக்கிறது. அவருக்கே புரிகிற ஒன்றைக் காட்ட வேண்டும் என்று பட்டது. ஸ்மியர்களைச் சாயத்தில் போட்டேன். மிச்ச ரத்தத்தை மெல்லிய குழாய்களில் ஏற்றிச் சுழலவிட்டேன். வேகமாகச் சுற்றும்போது சிவப்பணுக்கள் கனத்து ஒரு முனையில் படியும், எத்தனை உயரம் படிகிறதோ அத்தனை சிவப்பு அந்த உடம்பில் இருக்கிறது. எண்ணவே வேண்டாம், பார்த்தால் போதும்.

குழாய்களை மெஷின் தந்த வெள்ளணு வரிசைப்படி நிறுத்தினேன். அதிகம் என்று சொன்னது இடக்கோடியில், நார்மல் என்று சொன்னது வலக்கோடியில். சேகரைக் கூப்பிட்டேன். அவர் வந்து குனிந்து பார்த்தார். சிவப்பு, இடமிருந்து வலமாக, மாடிப்படி மாதிரி இறங்கிக்கொண்டு வந்தது. எதில் வெள்ளணு அதிகம் என்று தாள் சொன்னதோ அதில் சிவப்பு உயரம். நார்மல் குழாயில் ஒரு நகக்கண் அளவு சிவப்பு, மேலெல்லாம் வெளிறிய தண்ணீர்.

சேகர் மூளைக்காரர். அவர் முகத்தில் அந்த வரிசை ஏறுவதைப் பார்த்தேன்.

“அப்ப மெஷின் எண்ணினது…”

“சிவப்பை. நீங்க போட்ட ஃபேக்டர் தொட்டி ஆமைக்குச் சரியா வந்துச்சு. இதுங்க தண்ணியில்லாம சூட்கேஸ்ல கிடந்ததுங்க. உடம்பு காஞ்சு ரத்தம் இறுகியிருக்கு. சிவப்பணு நெருக்கமா இருக்கு, அதை உங்க மெஷின் தொற்றுன்னு சொல்லுது. இந்தக் கடைசி ஒண்ணுல சிவப்பே கம்மி, அதான் நார்மல்னு வந்திருக்கு.”

ஸ்மியரையும் காட்டினேன். கொல்லச் சொல்லித் தாள் வந்த ஆமைகளின் ஸ்லைடுகளில் விதைப்பு நிறைவாக, அழகாக இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளணுக்கள், அமைதியாக. நார்மல் ஆமையின் ஸ்லைடில் வயல் காய்ந்து கிடந்தது. சிவப்பணுக்கள் தள்ளித் தள்ளி வெளிறிப்போய், அவற்றுக்கு நடுவே வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாக, நோய்ப்பட்டுக் குழம்பிய உருவத்தில். தொற்று இருந்தது ஒரே ஒரு ஆமைக்கு. அந்த ஒன்றைத்தான் நாங்கள் பாஸ் போட்டிருந்தோம். பாஸ் போட்டு, அதை நல்ல ஆமைகளோடு சேர்த்தும் வைக்கச் செய்திருந்தோம்.

சேகர் நிமிர்ந்தார். “ஃபேக்டரை மாத்திடலாமா மேடம்?”

அந்த ஒரு கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன். “வரிசையே தலைகீழா இருக்கு சேகர். தலைகீழா நிக்கிறவனை எந்த எண்ணால வகுத்தா நேரா நிப்பான்?”

அவர் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. தரச் சான்றிதழ் ஆட்கள் பார்வையிட வருகிற சமயம், தப்பு என்று எழுதி ஒரு தாளும் வெளியே போகக் கூடாது, ஆராய்ந்து பார்த்துத் திருத்திய ரிப்போர்ட்டாக நிதானமாக அனுப்பலாம் என்றார். நிதானமாக. நான் வராந்தாவுக்கு வந்து சபீனாவை அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். மேலிடம் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, வாய்ப்பேச்சை ஏற்க மாட்டார்கள், கூடத்திலிருந்து எழுத்தில் வேண்டும் என்றாள். எழுத்தில் என்றால் சேகரின் கையெழுத்து வேண்டும். குவாலிட்டி கையெழுத்து இல்லாமல் எங்கள் தாள் எதுவும் செல்லாது.

திரும்பிப் போய் அவர் முன்னால் பேனாவை வைத்தேன். உங்கள் பழைய ஃபேக்டரியில் பிரேக்கில் ஒரு பார்ட் தப்பாகப் போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“லைனை நிறுத்துவோம். போன வண்டியெல்லாம் திரும்ப வரும்.”

“இங்க ஏன் நிறுத்த மாட்டேங்கிறீங்க?”

பேனாவை என் பக்கமே தள்ளி வைத்தார். பிறகு, என்னைக் குத்துகிற எண்ணமே இல்லாமல், கணக்குச் சொல்வது போலச் சொன்னார்: “அங்க வண்டிக்காரன் வந்து சட்டையைப் பிடிப்பான் மேடம். ஆமைக்கு யாரு வரப்போறா?”

மூலையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. முனியப்பா எழுந்து நின்றிருந்தார்.

என் வேலைக்காலம் முழுக்க நான் பார்த்த பிழைகளுக்கெல்லாம் அந்த வாக்கியம்தான் வேர். வந்து கேட்க ஆள் இருக்கிற ரத்தத்தைக் கண் எரிய எண்ணுவோம். கேட்க ஆள் இல்லாத ரத்தத்தை வகுத்துவிடுவோம். பந்தயப் புறாக்காரர் ஒருவர் வந்து கத்தினால் நாலு ஸ்லைடு அதிகம் பார்ப்போம். சந்தையில் கூண்டோடு பிடிபட்ட முனியாக் குருவிகளின் ரத்தத்துக்கு மெஷின் போதும் என்போம். யார் வந்து நிற்பார்கள் என்பதைப் பார்த்து நம் கண் திறக்கிறது, மூடுகிறது. அந்தப் பழக்கத்தை முறை என்று பெயரிட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம்.

நான் ஒரு வெள்ளைத்தாள் எடுத்தேன். கூடத்தின் பெயர் இல்லாத தாள். இந்த ரிப்போர்ட் தவறு, வெள்ளணு என்று காட்டப்பட்டவை சிவப்பணுக்களின் கருக்கள், தொற்று நார்மல் என்று வந்த ஒரு ஆமைக்கு மட்டுமே இருக்கிறது, மற்றவற்றுக்குத் தேவை தண்ணீர் என்று எழுதினேன். அடியில் என் பெயரும் மருத்துவப் பதிவு எண்ணும். சேகர் தடுக்கவில்லை. கதவைத் திறந்து பிடித்தார், அவ்வளவுதான். அதை நல்லது என்று கொள்வதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

குழாய்களையும் ஸ்லைடுகளையும் டிபன் பாக்ஸில் அடுக்கிக் காரில் வைத்தேன். முனியப்பாவின் மொபெட் முன்னால் போயிற்று. பாகலூர் ரோடு முழுக்கக் கம்பெனி லாரிகள். ஹாரனிலேயே கை வைத்திருந்தேன்.

சபீனா வாசலில் நின்றிருந்தாள். கையுறை போட்டிருந்தாள். உள்ளே, சிமெண்டுத் தரையில், ஆமைகள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கற்கள் மாதிரி கிடந்தன, முதுகில் மட்டும் மஞ்சள் கதிர்கள். என் தாளைப் படித்தாள்.

“இது லேப் லெட்டர்ஹெட் இல்லையே மேடம்.”

“என் நம்பர் இருக்கு. கேஸ் வந்தா என் மேலதான் வரும்.”

குழாய்களை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தாள். பிறகு அவளே மேலிடத்து அறைக்குள் போனாள். சுவருக்கு இப்பால் அவள் குரல் மட்டும் கேட்டது, முதலில் தாழ்வாக, பிறகு தாழ்வில்லாமல். வெளியே வந்தபோது கையுறை கையில் இல்லை. ஊசி போடுவதைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், ரத்தத்தைத் திரும்ப எடுத்துக் கையால் எண்ணித் தரச் சொல்கிறார்கள் என்றாள். மருந்துக் குப்பியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அந்த நார்மல் ஆமை எங்கே என்று கேட்டேன். முனியப்பா பக்கத்து அடைப்புக்குப் போய் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். நேற்று மாலையே அதை நல்ல ஆமைகளோடு விட்டிருக்கிறார். தப்பித்த ஒன்றாயிற்றே என்று செம்பருத்திப் பூ பறித்துப் போட்டாராம். அது தின்னவில்லை. எல்லா ஆமையும் ஆளைக் கண்டால் தலையை இழுத்துக்கொள்ளும். இது தலையைத் தொங்கப் போட்டிருந்தது. தொட்டேன். இழுத்துக்கொள்ள அதற்குத் தெம்பு இல்லை.

“சாது ஆயிட்டுதுன்னு நினைச்சேனுங்க” என்றார் முனியப்பா.

அன்றைக்குப் பிற்பகல் முழுக்க அகலமான பிளாஸ்டிக் பேசின்களில் இளம்சூட்டுத் தண்ணீர் ஊற்றி, தாடை அளவுக்கு மட்டும் நிற்கும்படி, ஆமைகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். முதலில் அசைவில்லை. பிறகு ஒரு தலை வெளியே வந்தது. தண்ணீரில் மூக்கைத் தாழ்த்தியது. தொண்டை ஏறி இறங்க ஆரம்பித்தது. ஒன்றைப் பார்த்து ஒன்றாக, பேசின் பேசினாக, அந்தச் சின்னத் தொண்டைகள் ஏறி இறங்கின. சபீனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இதைத்தான் தொற்று என்று எழுதியிருந்தோம். தாகத்தை.

நோயுற்ற ஆமையைத் தனியே வைத்து மருந்து கொடுத்தார்கள். அது அந்த வாரம் தாண்டவில்லை. அதோடு ஒரு இரவு இருந்த நல்ல ஆமைகளில் இரண்டு பின்னாலேயே போயின. அந்த இரண்டும் எங்கள் கூடம் கொன்றவை. வேறு சொல் கிடையாது. அந்தப் பழியைப் பூப் போட்ட ஆள் மேல் யாரும் ஏற்றிவிடக் கூடாது என்று சபீனாவிடம் எழுதிக் கொடுத்தேன்.

கூடத்திலிருந்து பிறகு திருத்திய ரிப்போர்ட் போயிற்று. புது ஃபேக்டர். எல்லா ஆமைக்கும் நார்மல், நோயில் செத்த அந்த ஒன்றுக்கும் சேர்த்து. மன்னிப்பு என்றோ தவறு என்றோ ஒரு வார்த்தை இல்லை. சான்றிதழ் ஆட்கள் வந்தார்கள், எண்கள் இம்மி நகரவில்லை என்று மகிழ்ந்து போனார்கள். நான் என் வெள்ளைக் கோட்டைக் கூடத்தின் ஆணியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஆகவே, மேஜைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, எந்த முறை மேல் என்று உங்களைக் கேட்பார்கள். எது மாறாமல் சொல்கிறது என்று பார்க்கச் சொல்வார்கள். நீங்கள், அது எதை எண்ணுகிறது என்று கேளுங்கள். நலமானவற்றை வைத்து ஒப்பிட்டுக் காட்டினால், நோயுற்றதைக் கொண்டுவா என்று சொல்லுங்கள். பெட்டியின் டேப்பைப் பிரியுங்கள். ஸ்லைடைப் பாருங்கள். உங்கள் மூன்று கண்கள் மூன்று எண் சொன்னால் வெட்கப்படாதீர்கள், சேர்ந்து உட்கார்ந்து மறுபடி எண்ணுங்கள்.

மழை விட்ட பிறகு ஒரு நாள் முனியப்பா போன் செய்தார். மறுபடி கையால் எண்ணி, மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் அனுமதி வந்து, ஆமைகளைப் புதர்க்காட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. எப்படிப் போயின என்று கேட்டேன்.

“கீழ வெச்சதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துதுங்கம்மா. அப்புறம் அதுபாட்டுக்குப் போயிட்டுது. ஒண்ணுகூடத் திரும்பிப் பாக்கல.”

வருத்தமாகத்தான் சொன்னார். அவருக்கு வருத்தம் இருக்கலாம், அவர் பூப் பறித்துப் போட்டவர். நான் போனை வைத்துவிட்டு அவை போய்க்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். டேப் சுற்றிய கைகள், ஊசி ஏந்திய கைகள், தாள் நீட்டிய கைகள், எல்லாமே நம்முடையவை. எதற்காகத் திரும்பிப் பார்க்க வேண்டும்?